புறம்போக்கு: சுதந்திரவாதத்தின் கணக்கில் வராத நிலம்

அரசின் கை எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்குத் தனிமனிதன் சுதந்திரமானவன் என்கிறது சுதந்திரவாதம். ஜான் லாக் தொடங்கி 1974இல் எழுதிய ராபர்ட் நோசிக் வரை இந்த வாதத்துக்கு அச்சாணி சொத்துரிமை. தமிழ்ச் சூழலில் இதற்கு ஏறத்தாழ ஒரு கட்சி உருவம் கொடுத்தவர் ராஜாஜி. 1959இல் பிறந்த சுதந்திராக் கட்சி கூட்டுப் பண்ணையையும் பர்மிட்-லைசென்ஸ் ராஜ்யத்தையும் எதிர்த்தது. மிராசுதார், மில் முதலாளி கட்சி என்று அதை இடதுசாரிகள் ஒதுக்கினார்கள். அந்த வசை பாதி சரி. ஆனால் 'அரசைச் சந்தேகி' என்ற மற்ற பாதியை எடுத்துக்கொண்டு தேவாரம் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

தேவாரத்தை ஒட்டிய ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் பொட்டிப்புரம். அங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் காந்த இரும்புக் கருவியை வைத்து நியூட்ரினோவை ஆராய்வது திட்டம். நீலகிரியில் சிங்காராவுக்கு 2009இல் அனுமதி கிடைக்காமல் இங்கே வந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

நிலம்? அதில் சிக்கலே இல்லை. புறம்போக்கு. பட்டாக்காரன் இருந்தால் கையகப்படுத்தும் சட்டம் வேண்டும், நோட்டீஸ் வேண்டும், இழப்பீடு வேண்டும். புறம்போக்குக்கு ஒண்ணும் வேண்டாம். ஆடு மாடு மேய்த்தவன், விறகு பொறுக்கினவன் யாருக்கும் காகிதம் கிடையாதே.

இந்த 'கிடையாது' இயற்கையானதல்ல, செய்யப்பட்டது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் மலையை ஒதுக்குக் காடாக்க வழி செய்தது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பிறருக்குச் சொத்தாக இல்லாத நிலமெல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்தது. வரிக்கணக்குக்கு வெளியே நின்றதைக் குறித்த ஒரு சொல், ஒரே எழுத்தில் உடைமையைக் குறிக்கும் சொல்லானது. நேற்றுவரை மேய்த்தவன் மறுநாள் ஆக்கிரமிப்பாளன்.

அனுமதி வாங்கிய விதத்திலும் இதே சொல் விளையாட்டுதான். மலையைக் குடையும் வேலை 'கட்டிடம், கட்டுமானம்' என்ற இனத்தில் வைக்கப்பட்டது. அந்த இனத்துக்குச் சட்டப்படி மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டே, 'சிறப்பு நேர்வு' என்று சொல்லி, மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தபோது முன்னுக்கு வந்தது மதிகெட்டான் - பெரியாறு புலி வழித்தடம். நல்ல காரணம்தான். ஆனால் மேய்ச்சல்காரனின் உரிமை அந்த வெற்றியிலும் பேசுபொருளாகவில்லை. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கிக்கொண்டது. ஆராய்ச்சிக்காகவும் அவன் வெளியே, பாதுகாப்புக்காகவும் அவன் வெளியே.

சுதந்திரவாதி இதற்கு என்ன மருந்து சொல்வார்? ஆளுக்கொரு பட்டா கொடு என்பார். மேய்ச்சல் நிலத்தைத் துண்டு போட்டால் அது மேய்ச்சல் நிலமாக இருக்காது. மலைமாடு சர்வே கல்லைப் பார்த்து நிற்பதில்லை. இங்கே உரிமை தனியாளுடையதும் இல்லை, அரசுடையதும் இல்லை, ஊருடையது. இந்த மூன்றாவதைப் பார்க்கும் கண் அந்தத் தத்துவத்துக்கு இல்லை. திட்டக்குழுச் சோசலிசத்துக்கும் இருந்ததில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 1905இல் அரசு எதையும் நிரூபிக்கவில்லை, அறிவித்தது, அவ்வளவுதான். அரசைச் சந்தேகிப்பது என்றால், நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றுவது: மலை உன்னுடையது என்று நீ காட்டு என்று அரசைப் பார்த்துக் கேட்பது. அந்தக் கேள்வியைப் பட்டா இல்லாதவனும் கேட்க முடிகிற அன்றைக்குத்தான் தனிமனித உரிமை என்ற பேச்சு பொட்டிப்புரத்தில் செல்லுபடியாகும்.