முகத்துவாரமும் மின்வலையும்

கொழும்பு மாநகரின் வடகோடியில், களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தை அடுத்துள்ள ஊர் முகத்துவாரம். ஆற்றின் வாயில் என்பது அப்பெயரின் பொருள். ஒல்லாந்தர் ஆட்சியிலே இக்கங்கையை நீர்கொழும்புடன் இணைத்துக் கால்வாய் வெட்டப்பட்டது. அவ்வழியே கறுவா ஏற்றிய வள்ளங்கள் வந்தன. உள்நாட்டு நீர்வழிகள் எத்துணை பரந்திருப்பினும், கடலுக்கு ஒரு வாயில் இன்றேல் அவை உலக வாணிகத்துக்கு உதவமாட்டா. கணினி வலையமைப்புக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இலங்கைக்கு அத்தகைய வாயிலொன்றை அமைக்க முற்பட்டோருள் முதன்மையானவர் பேராசிரியர் அபய இந்துருவ. 1985 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை தோன்றியபோது, அதன் முதல் தலைவராக அவர் அமர்ந்தார். நாட்டிலே கணினிகள் அருகியே காணப்பட்ட காலம் அது. இருந்தவையும் தனித்தனித் தீவுகளாய் நின்றன. ஓர் ஆசிரியர் வெளிநாட்டு அறிஞரிடம் ஐயம் ஒன்றைக் கேட்க விரும்பினால், கடிதம் போய் மறுமொழி வரும்வரை வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். இக்குறையை நீக்கக் கருதி, பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் பிணைக்கும் 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்புத் திட்டத்தை 1989 இல் அவர் முன்வைத்தார். அடுத்த ஆண்டிலே மின்னஞ்சற் சேவை தொடங்கிற்று.

அச்சேவை நடைபெற்ற முறையைக் கேட்பின் இன்றைய நேயர்கள் வியப்புறலாம். எழுதப்பட்ட மடல்கள் யாவும் ஒரு கணினியிற் சேர்ந்து கிடக்கும். குறித்த வேளையில் அக்கணினி, மொடெம் என்னும் கருவியின் துணையால், கடல் கடந்த இன்னொரு கணினியைத் தொலைபேசியில் அழைக்கும். இங்குள்ள மடற்கட்டை ஒப்படைத்து, அங்குள்ளதைப் பெற்றுக்கொண்டு, உடனே தொடர்பைத் துண்டிக்கும். வெளிநாட்டு அழைப்பின் ஒவ்வொரு நிமிடமும் பெருஞ்செலவு என்பதனால் இச்சிக்கனம். ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த இலங்கை அறிஞர்களும் இதற்குக் கைகொடுத்தனர். தபாற்பையை ஏற்றியும் இறக்கியும் செல்லும் புகைவண்டியின் தொண்டினை ஒத்தது அம்முயற்சி.

ஆயினும், மின்மடல் கடல் கடந்த அதே 1990 ஆம் ஆண்டிலேதான், போரின் காரணமாக யாழ்தேவிப் புகைவண்டி யாழ்ப்பாணம் செல்லாது நின்றது. அமெரிக்கா அணித்தாயிற்று, யாழ்ப்பாணம் சேய்மையாயிற்று. கம்பியும் கருவியும் தூரத்தைச் சுருக்கும். ஒரு நாட்டு மக்களுக்கிடையே வழி அடைபட்டால் அவை மட்டும் யாது செய்யும்?

அயல்நாடாகிய இந்தியாவிலும் கல்வியாளரே இத்துறையில் முன்சென்றனர். பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப நிலையத்தின் முதல் இயக்குநர் ஸ்ரீநிவாசன் ரமணி, 1986 இல் தொடங்கிய 'ஏர்நெற்' என்னும் கல்வி வலையமைப்பை உருவாக்கியோருள் ஒருவர். பிற்காலத்தில் எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வுகூடத்துக்கும் அவர் தலைமை தாங்கினார். இந்துருவ அவர்கள் இங்கிலாந்தின் கந்தர்பரி நகரிற் கற்பித்தபின், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் வீ. கே. சமரநாயக்க பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை முதன்முதலாக வகித்தார்.

இரு நாடுகளிலும் இணையம் வணிக முறையிற் பொதுமக்களை அடைந்தது 1995 இலேயே. வணிகர் வருமுன் வாய்க்கால் வெட்டி நீர் விட்டவர் ஆசிரியர் என்பதை வரலாறு மறத்தலாகாது.

2014 இல் உலக இணையச் சங்கம் தன் புகழ்மண்டபத்தில் இவ்விருவரையும் ஒருங்கே சேர்த்துச் சிறப்பித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், 24 ஆண்டுகளின் பின், யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இன்று 'லேர்ன்' வலையமைப்பின் உறுப்பாக விளங்குகின்றது.

ஆற்று முகத்திலே மணல் ஓயாது சேர்ந்து வாயிலை அடைக்க முயலும். தூர்வாரினாலன்றி வள்ளம் செல்லாது. மக்களைப் பிணைக்கும் வழிகளும் அத்தன்மையனவே. வாயிலை ஒருமுறை திறந்தால் மட்டும் போதாது. அதனைத் திறந்தபடியே காத்தல் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடனாகும்.