செயின் உரசும் சப்தம்

என் வாலிபப் பிராயத்தில், எங்கள் ஊர்க் கடைத்தெருவின் கோடியில் புளியமரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம், செயின் உரசுகிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு யார் போய் நின்றாலும், அவர் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “சும்மா மிதிச்சா வருதா தம்பி, இல்லே ஏத்தத்துலே அழுத்தினாத்தான் வருதா?” சைக்கிளின் சரித்திரத்தைச் சிறிது கற்ற பிறகுதான், அந்தக் கேள்விக்குள் நூறாண்டு யந்திர சாஸ்திரம் அடங்கியிருந்தது எனக்கு விளங்கிற்று.

முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நின்ற பழைய ஆங்கிலேய வண்டிகளில் பெடல்கள் அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்தமையால், உரசுவதற்குச் செயினே கிடையாது. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்டு என்பவர் 1880ல் உருளைகள் கோத்த செயினுக்குக் காப்புரிமை பெற்றார். 1885ல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, பெடலை இரு சக்கரங்களுக்கும் நடுவே இறக்கிப் பின்சக்கரத்தைச் செயினால் இழுக்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். அதனால் விழுந்து மண்டை உடைத்துக்கொள்ளும் பயம் பெரிதும் நீங்கியது. ஆயினும் ஒரு புதிய வியாதியும் அன்றே பிறந்தது. கால்கள் அச்சின் இரு கோடிகளிலும் மாறி மாறி அழுத்த, செயினோ வலப்பக்கத்தில் மாத்திரம் இழுப்பதால், ஒவ்வொரு மிதிக்கும் பிரேமின் அடிப்பாகம் சற்றே ஒதுங்குகிறது. அதனுடன் செயின் வீலும் சாய்கிறது.

இந்த நெளிவைப் பந்தய வண்டி செய்தவர்கள்தாம் மிகுதியாக அநுபவித்தனர். எடையைக் குறைக்கவேண்டிக் குழாயின் நடுப்பகுதியை மெலிதாக்கி, பற்றவைக்கும் முனைகளை மட்டும் கனமாக விடும் முறைக்கு 1897ல் ரெனால்ட்ஸ் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1935ல் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் வெளியிட்ட ‘531’ என்ற உருக்குக் குழாய் உலகப் பிரசித்தி அடைந்தது. இங்கே ஒரு சூக்ஷ்மம் உண்டு. உருக்கில் எந்த உலோகத்தைக் கலந்தாலும் அது முறியாத வலிமை கூடுமேயன்றி வளையாத விறைப்பு ஏறக்குறைய மாறாது. ஆகவே, வலிமையை நம்பி எவ்வளவு மெலிதாக்குகிறோமோ அவ்வளவுக்கு வண்டி நெளியும். உருக்கின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கே உடைய அலுமினியத்தைப் பழைய ஒல்லி அளவிலேயே குழாயாக்கி ஒட்டிய பிரெஞ்சு ‘விடுஸ்’ வண்டிகள் நெளிவுக்கே பெயர் போனவை. எனினும் அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி அவற்றின்மீது ஏறிப் பல வெற்றிகளைக் கொய்தார். தகடு அதே கனமாக இருக்கக் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்ற கணக்கை நம்பி, அமெரிக்காவில் கேரி கிளைன் பருத்த அலுமினியக் குழாய்களைக் கையாண்டது 1970களில்.

பல வேகப் பற்சக்கரங்களுக்குச் செயினை மாற்றும் கருவியை 1937 வரையில் பிரெஞ்சுப் பெரும்பந்தயம் அனுமதிக்கவில்லை. பின்னாளில் முன்பக்கத்திலும் இரண்டு பற்சக்கரங்களும், செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ள இரண்டு தகடுகளும் வந்து சேர்ந்தபோது, செயின் அத்தகடுகளின் குறுகிய இடைவெளியில் ஓட நேர்ந்ததால், முன்பு ஒருவர் கண்ணிலும் படாத நெளிவு காதுக்குக் கேட்கலாயிற்று.

1949ல் அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து நம் கிராமங்களுக்கு வந்த கறுப்பு வண்டிகளோ கனத்த குழாய்களால் ஆனவை. அவற்றில் பிரேமைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் அநியாயம். அங்கே உரசும் இடம் செயின் கவர்; காரணம் பெடல் அச்சின் குண்டுகளைத் தாங்கும் கப்பின் தேய்வு, அச்சின் வளைவு, கிராங்கை அச்சோடு பூட்டும் கோட்டர் பின்னின் தளர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். பெரியவர் சப்தத்தின் தாளத்தைக் கொண்டே நாடி பார்ப்பார். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, ஒரே இடத்தில் உரசினால் செயின் வீலிலோ அச்சிலோ கோட்டம். முன்னே 44 பல், செயினில் 112 கண்ணி என்றால், செயின் தன் முழுச் சுற்றை முடிக்கப் பெடல் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும். அந்த இடைவெளிவிட்டுச் சப்தம் வந்தால் குற்றவாளி ஏதோ ஒரு கண்ணி. ஸ்டாண்டு போட்டுக் கையால் சுற்றும்போது மௌனமாயிருந்து, ஆள் ஏறி அழுத்தினால் மட்டும் உரசினால், பாரம் ஏறும்போது எதுவோ இடம் பெயர்கிறது.

என் வண்டியின் வியாதி இந்தக் கடைசி வகை. பெரியவர் இரண்டு கிராங்குகளையும் இரு கைகளில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார், ‘கடக்’ என்றது. “கப்பு தளர்ந்து போச்சு” என்றார். கவரைக் கழற்றி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து என் கண்முன் நீட்டியபோது, உட்புறக் கறுப்பு வர்ணம் விரல் நீளத்துக்குப் பிறை வடிவில் தேய்ந்து, அடியிலிருந்த தகரம் வெள்ளி போல் பளபளத்தது. கப்பை இறுக்கி, குண்டுகளுக்குப் புதுக் கிரீஸ் இட்டு, வாய்க்கால் மேட்டில் ஒருமுறை ஏறிவரச் சொல்லி அனுப்பினார். நான் திரும்பி வரும்வரையில் கூலி வாங்கவில்லை.