ரைனி பாறையின் கேமீட்டகத் தாவரங்கள்

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ரைனி சிற்றூரில், வயல் சுவர்களுக்கு அடுக்கியிருந்த சிலிக்காக் கற்களுக்குள் தாவரத் தண்டுகள் இருப்பதை 1912இல் வில்லியம் மக்கி என்ற மருத்துவர் கண்டறிந்தார். சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றுகளின் சிலிக்கா, அங்கே வளர்ந்து நின்ற தாவரங்களைச் செல் அமைப்புகூடக் குலையாமல் கல்லாக்கியிருந்தது. 1917 முதல் 1921 வரை கிட்ஸ்டனும் லாங்கும் அவற்றை விவரித்தார்கள். ஆனால் அவர்கள் விவரித்தவை ஸ்போர்களை உண்டாக்கும் வித்தகத் தலைமுறையைச் சேர்ந்தவை. பாலணுக்களை உண்டாக்கும் கேமீட்டகத் தலைமுறை எப்படி இருந்தது என்பதற்கு உறுதியான விடை 1980இல்தான் கிடைத்தது. அவ்வாண்டு வின்ஃபிரீட் ரெமியும் ரெனேட் ரெமியும் லயோனோஃபைட்டான் என்ற ரைனிக் கேமீட்டகத்தை விவரித்தனர். நிமிர்ந்த சிறு தண்டு, கிண்ணம்போல் விரிந்த நுனி, அதனுள் ஆண் பாலணுக்களை உண்டாக்கும் உறுப்புகளான ஆந்தரீடியங்கள். சில ஆந்தரீடியங்களில் ஆண் பாலணுக்களும் அப்படியே உறைந்திருக்கின்றன.

இன்றைய பெரணியின் கேமீட்டகம் மண்ணோடு ஒட்டிய சிறு தகடு. மாஸிலோ வித்தகத் தலைமுறைதான் கேமீட்டகத்தைச் சார்ந்து வாழ்கிறது. ரைனியில் இரண்டு தலைமுறைகளும் நிமிர்ந்து நின்றன, இரண்டிலும் இலைத்துளைகளும் நீர் கடத்தும் செல்களும் இருந்தன. பெரணிக் கால்வழியில் கேமீட்டகம் பிற்காலத்தில் சிறுத்துப்போனது என்று கொள்வதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. தனித்தனியாகக் கிடைத்த இரண்டு தண்டுகளை ஒரே இனமென எப்படிச் சொல்லலாம் என்று கேட்பது நியாயமே. லயோனோஃபைட்டானின் கடத்துசெல்கள், ரைனியின் வித்தகத் தாவரமான அக்லோஃபைட்டானுடையவற்றை ஒத்திருக்கின்றன. அக்லோஃபைட்டானின் ஸ்போர்கள் முளைத்து வளரும் படிநிலைகளும் அதே பாறையில் பதிவாகியிருப்பதால் இந்த இணைப்பு வெறும் ஊகமல்ல. நிமிர்ந்த கேமீட்டகம் வெந்நீர் ஊற்றுச் சூழலின் தனித்தன்மையே என்ற மறுப்புக்கு ஜெர்மனியின் கீழ் டெவோனியப் படிவுகளில் கிடைத்த சியாடோஃபைட்டான் பதில் தருகிறது: ஊற்றோடு தொடர்பில்லாத அந்தப் படிவிலும் நுனியில் கிண்ணம் தாங்கிய கேமீட்டகங்கள் உள்ளன.

ரைனியில் காண்பதே தொடக்கநிலை என்ற முடிவுக்கு வலுவான எதிர்வாதம், மிகப் பழைய நிலத்தாவரமான குக்சோனியாவிடமிருந்து வருகிறது. அயர்லாந்தின் டிப்பரரியில் கிடைத்த அதன் மாதிரிகள் ரைனியைவிடச் சுமார் 2 கோடி ஆண்டு மூத்தவை. பல குக்சோனியாத் தண்டுகள் ஒளிச்சேர்க்கைத் திசுவுக்கு இடமில்லாத அளவுக்கு மெலிந்தவை என்பதால், அவை கேமீட்டகத்தை நம்பியே வாழ்ந்திருக்க வேண்டும் என்று கெவின் பாய்ஸ் 2008இல் வாதிட்டார். இதை ஏற்றே ஆக வேண்டும். அப்படி ஏற்கும்போது ரைனி தொடக்கநிலையைக் காட்டுவதாகச் சொல்ல முடியாது; வித்தகத் தலைமுறை சார்பிலிருந்து விடுபட்ட பிறகு, கேமீட்டகம் சிறுக்கும் முன் இருந்த இடைக்கட்டத்தையே அது காட்டுகிறது. பிரேசிலின் குக்சோனியா பாரனென்சிஸ் தண்டுகள் சிலவற்றின் அடியிலுள்ள புடைப்பைக் கேமீட்டகத்தின் எச்சமாகச் சில ஆய்வாளர்கள் கொள்வதும் இந்த வரிசைக்கே பொருந்துகிறது.