மீன்விழி வில்லையும் தென்பாண்டி நாட்டு இரவுவானப் பதிவும்

ஆய்வுச்சுருக்கம்

தொடுவானம் முதல் தொடுவானம் வரையிலான வானத்தை ஒரே வட்டத்தில் பதிவு செய்யும் மீன்விழி வில்லை, வானிலை ஆய்வின் தேவையால் உருவானது. மதுரையையும் அதன் தெற்கிலுள்ள சமவெளியையும் களமாகக் கொண்டு, அவ்வில்லை வழி கிடைக்கும் இரவுவானப் படங்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மீன்விழி வில்லை, வானொளிர்வு, கொடைக்கானல், கிருஷ்ணாபுரம், ஒளி மாசு.

மழைக்காக நோக்கிய வானம்

மதுரை சார்ந்த இலக்கியப் பரப்பில் வானத்தை முழுமையாகப் பதிவு செய்ய முயன்ற பாடல் எது என்று கேட்டால், பரிபாடலின் பதினோராம் பாடலைச் சுட்டலாம். வையையைப் பாடும் நல்லந்துவனார் கோள்கள் நின்ற இராசிகளை முறையே அடுக்கி, அதன் பின்னரே மலையில் பெய்த மழைக்கும் ஆற்றில் வந்த புனலுக்கும் வருகிறார். அக்கோள்நிலையைக் கணித்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அதனைக் கி.பி. 634ஆம் ஆண்டுக்குரியதாகக் கொண்டார். சங்க இலக்கியக் காலவரையறையில் இக்கணிப்பு எழுப்பிய விவாதத்துள் இங்குப் புக வேண்டுவதில்லை. ஒரு பொழுதின் வானநிலை எழுத்தில் நின்றமையால்தான் அவ்விவாதமே எழ முடிந்தது என்பதே இங்கு நமக்கு வேண்டுவது. வானம் மழையோடு சேர்த்தே நோக்கப்பட்டது என்பதும் உடன் கருதத்தக்கது.

கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்தின் தோற்றத்திலும் இதே தொடர்பைக் காண்கிறோம். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை அழித்த பின்னர், ஞாயிற்றின் நிலைக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற வினா அரசின் கவனத்திற்கு வந்தது. மிச்சி சுமித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடி ஆய்ந்தார். அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானலில் 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். அங்கே 1904 முதல் ஞாயிற்றின் படத்தகடுகள் தொடர்ந்து சேர்ந்துவந்தன. 1909இல் எவர்ஷெட் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பை நிகழ்த்தியதும் அங்கேதான். எனினும் அது ஞாயிற்றுக்கென அமைந்த நிலையம். அதன் நாள்தோறுமான கடமை பகலுக்குரியது. இரவு அதன் பொறுப்பில் இல்லை.

வில்லையின் வரலாறு

1906இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட், நீருக்கடியிலிருந்து மேல்நோக்கும் மீனுக்கு உலகம் எவ்வாறு தோன்றும் என்பதை நீர் நிரப்பிய ஊசித்துளைக் கேமராவால் படமெடுத்துக் காட்டினார். பொற்றாமரைக் குளத்தில் மீன் இல்லை என்பது தலபுராணச் செய்தியாதலால் வண்டியூர்த் தெப்பக்குளத்து மீனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நீர்ப்பரப்பில் ஒளி வளைவதால் 180 பாகை அகன்ற வானம் அம்மீனுக்கு ஏறத்தாழ 97 பாகை அளவுள்ள ஒரு வட்டச் சாளரத்துள் அடங்கிவிடுகிறது. நடுமண்டபமும் கரையிலுள்ள மரங்களும் அவ்வட்டத்தின் விளிம்பில் நசுங்கி நிற்கும்.

‘மீன்விழி’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. மதுரையில் இச்சொல் அங்கயற்கண்ணியை நினைவூட்டாமல் போகாது. ஆனால் கயற்கண் என்பது கண்ணின் வடிவைக் கயலுக்கு ஒப்பிடும் உவமைத்தொகை. மீன் பார்வையாலேயே தன் முட்டைகளைப் பேணும் என்ற நம்பிக்கையும் அன்னையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. வுட் ஆண்ட தொடரோ மீனின் கண் காணும் காட்சியைக் குறிப்பது. தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் ‘மீன்கண் வடிவ வில்லை’ என்று விரித்தால் பொருள் பிறழும்.

வுட் காட்டிய காட்சியைக் கண்ணாடி வில்லையால் நிகழ்த்திய ராபின் ஹில், பின்னாளில் ஒளிச்சேர்க்கை ஆய்வால் அறியப்பட்ட உயிர்வேதியியலாளர். வான் முழுவதையும் படமெடுக்கும் வில்லை பற்றிய அவரது கட்டுரை 1924இல் இங்கிலாந்தின் வானிலைக் கழக இதழில் வெளிவந்தது. அவருக்கு வேண்டியிருந்தவை மேகங்களே. ஜப்பானின் நிப்பான் கோகாக்கு நிறுவனம் 1938இல் செய்த வில்லையின் நோக்கமும் மேகப் பதிவுதான். 1962இல்தான் அந்நிறுவனத்தின் மீன்விழி வில்லை பொதுவான ஒளிப்படக்காரரின் கைக்கு வந்தது.

இவ்வில்லையின் இன்றியமையாமை கணக்கிலிருந்தே விளங்கும். வழக்கமான வில்லையில் படத்தின் மையத்திலிருந்து ஒரு பொருள் விழும் தொலைவு, அது உச்சியிலிருந்து சாயும் கோணத்தின் தாஞ்சன்டைப் பொறுத்தது. 90 பாகையில் அம்மதிப்புக்கு முடிவில்லை; ஆகவே தொடுவானம் எந்தத் தகட்டிலும் அடங்காது. மீன்விழி வில்லை நேர்கோட்டை வளைய விட்டு, கோணத்தின் விகிதத்திலேயே தொலைவை அமைக்கிறது. வளைவு என்னும் இக்குறையை ஏற்றதனாலேயே முழுவானம் கைவந்தது.

கிருஷ்ணாபுரத்து வட்டம்

நம் பகுதியில் இவ்வில்லை முறையான இரவுப் பணிக்கு வந்தது புவிக்காந்த ஆய்வின் வழியாகவே. சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. காந்த நடுக்கோட்டுக்கு மிக அண்மையில் இருப்பதே அவ்விடத்தின் சிறப்பு. அங்கே இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அனைத்துவானப் படக்கருவி இயங்கத் தொடங்கியது. விண்மீன்களைக் காட்டிலும் வானொளிர்வே அதன் இலக்கு. ஏறத்தாழ 87 கி.மீ. உயரத்தில் ஹைட்ராக்சிலும், 97 கி.மீ. உயரத்தில் 557.7 நானோமீட்டர் அலைநீளத்திலும், 250 கி.மீ. உயரத்தில் 630 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் அணுவும் உமிழும் மெல்லொளியை வடிகட்டிகள் தனித்தனியே பிரித்துத் தருகின்றன. செயற்கைக்கோள் குறிப்பலைகளைக் குலைக்கும் மின்மக் குமிழ்கள், 630 நானோமீட்டர்ப் படத்தில் வடக்குத் தெற்காக நீண்ட இருண்ட பட்டைகளாகத் தெரிந்து கிழக்கே நகர்கின்றன.

மதுரை கிருஷ்ணாபுரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ளது. கணக்கிட்டால், மதுரைக்கு நேர் மேலே 250 கி.மீ. உயரத்திலுள்ள வான்பகுதி இப்படத்தில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 30 பாகையிலும், 87 கி.மீ. உயரத்திலுள்ள பகுதி 60 பாகைக்குச் சற்று உள்ளாகவும் அமையும். அதாவது மதுரையின் மேல்வான் திருநெல்வேலியின் படத்துள் ஏற்கெனவே பதிவாகி வருகிறது. ஆனால் அவ்வட்டத்தை நிலப்படம்போல் படித்தல் தவறு. 250 கி.மீ. உயரத்துக்கு, மையத்திலிருந்து 45 பாகை வரையிலான பகுதி ஏறத்தாழ 240 கி.மீ. ஆரத்தையே காட்டுகிறது, 75 பாகைக்குச் செல்லும்போது ஆரம் 740 கி.மீ. ஆகிவிடுகிறது. விளிம்பை நெருங்க நெருங்க ஒரு புள்ளிக்குள் திணிக்கப்படும் நிலப்பரப்பு பெருகுகிறது.

கழிக்கப்படும் பின்னணி

வரலாற்றாய்வுக்குரிய வினா இங்கேதான் எழுகிறது. வானொளிர்வை அளப்போர், உமிழ்வுக் கோடுகள் இல்லாத ஓர் அலைநீளத்திலும் படமெடுத்து அதன் ஒளியைக் கழித்துவிடுவது வழக்கம். அங்ஙனம் கழிக்கப்படும் பின்னணியில் விண்மீன்களின் ஒளியும் பால்வழியின் ஒளியும் மட்டுமல்ல, ஊர்களின் விளக்கொளியும் உண்டு. இயற்பியலாளருக்கு அது இடையூறு. ஓர் ஊரின் இரவு எவ்வாறு மாறியது என்று வினவுவோர்க்கு அதுவே சான்று. உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்குப் பால்வழி தெரிவதில்லை என 2016இல் வெளியான செயற்கை வானொளி நிலப்படம் காட்டியது. அம்முடிவு செயற்கைக்கோள் அளவீட்டிலிருந்து மேலேறிப் பரவும் ஒளியைக் கணித்துப் பெற்றது. தரையில் நிற்பவர் எந்தத் திசையில், எவ்வளவு உயரம் வரை வானை இழந்தார் என்பதை ஆண்டுதோறும் காட்டவல்லது, தொடுவானத்தையும் விடாது பதியும் மீன்விழிப் படமே. சோடியம் விளக்குகளிலிருந்து எல்இடி விளக்குகளுக்கு நகரங்கள் மாறிய காலத்தின் பதிவு என்பதால் இப்படங்களின் மதிப்பு மேலும் கூடுகிறது.

இச்சான்றுக்கு வரம்புகளும் உண்டு. நிலவில்லாத, மேகமற்ற இரவுகளே இப்பணிக்கு உதவும். வடகிழக்குப் பருவமழைத் திங்கள்கள் பெரும்பாலும் விடுபடும். தொடர்ச்சியான வரிசை தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில்தான் கிட்டும். வடிகட்டிகளும் உணர்கருவியும் மாற்றப்படும்போது ஒளியளவுகளை நேரடியாக ஒப்பிடவும் இயலாது. ஆகவே திருத்தப்பட்ட படங்களோடு மூலப்படங்களும், ஒவ்வொன்றின் நாள், நேரம், வடிகட்டி, ஒளிபடு காலம் ஆகியனவும் ஆவணமாகப் பேணப்படுதல் வேண்டும். கொடைக்கானல் தகடுகள் நூறாண்டு கடந்தும் எண்மமாக்கப்பட்டு ஆய்வுக்குப் பயன்படுவது, குறிப்புகளோடு அவை காக்கப்பட்டமையால்தான்.

அம்மூலப்படங்களைக் கையாளப் புகும் வரலாற்று மாணவர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். வானத்தைக் கீழிருந்து நோக்குவதால், வடக்கு மேலே அமையும்போது கிழக்கு இடப்புறம் விழும். கிருஷ்ணாபுரத்துக்கு வடக்கே சற்றுக் கிழக்காக உள்ள மதுரையை நிலப்படப் பழக்கத்தால் வலப்புறம் தேடுதல் கூடாது. அது வட்டத்தின் மேற்பாதியில், செங்குத்துக் கோட்டுக்குச் சற்று இடப்புறமாக இருக்கும்.