கற்கண்டு போலக் கரையும் வில்லை

மூளைக் கட்டியை வெட்டியெடுத்த குழியில், மண்டை ஓட்டை மூடுவதற்கு முன் எட்டு வில்லைகள் வரை பரப்பி வைக்கிறார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியவை, ஒவ்வொன்றிலும் 7.7 மில்லிகிராம் கார்முஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. பெயர் கிளியாடெல். இதன் பூர்வீகம் முயலின் கண்.

1974இல் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் முனைவர் பட்டம் வாங்கிய ராபர்ட் லாங்கரை எண்ணெய் நிறுவனங்கள் வருந்தி அழைத்தன. எக்ஸான் மட்டுமே நான்கு வேலை தர முன்வந்தது. அவர் போய்ச் சேர்ந்ததோ பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவரிடம். புதிய ரத்தக்குழாய்களை இழுத்துக்கொண்டுதான் புற்றுக்கட்டி வளர்கிறது, அதைத் தடுத்தால் கட்டி அடங்கும் என்பது ஃபோக்மனின் கட்சி. குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. தடுக்கும் பொருள் அதில் இருக்கவேண்டும். லாங்கர் மாட்டு எலும்புகளை வாங்கிவந்து சுரண்டத் தொடங்கினார்.

சுரண்டியெடுத்த புரதத்தைச் சோதிக்க முயலின் கருவிழி. அங்கே இயல்பில் ரத்தக்குழாய் இல்லை. புதிதாய் ஒன்று முளைத்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் அது முளைக்க வாரக்கணக்காகும், வைத்த புரதமோ அதற்குள் கரைந்து ஓடிவிடும். புரதத்தைச் சிறிதுசிறிதாகக் கசியவிடும் பிளாஸ்டிக் வேண்டும். அவ்வளவு பெரிய மூலக்கூறு பிளாஸ்டிக்கைத் தாண்டி வராது என்றார்கள் தெரிந்தவர்கள். இருநூறு வழிகளுக்குமேல் தோற்றேன் என்று லாங்கரே சொல்லியிருக்கிறார். கடைசியில், கரைத்த பிளாஸ்டிக்கில் புரதத் தூளைக் கலந்து உறையவைத்து உலர்த்தியபோது, உள்ளே சந்துபொந்தாக வழிகள் உண்டாயின. புரதம் முட்டிமோதி வெளியேற நூறு நாளுக்கு மேலும் ஆனது. 1976இல் 'நேச்சர்' வெளியிட்டது. அப்புறமும் அவருடைய முதல் ஒன்பது நிதி விண்ணப்பங்கள் திரும்பி வந்தன.

அந்தப் பிளாஸ்டிக் உடம்பிலேயே தங்கிவிடும். கரையக்கூடியது வேண்டும்; அதிலும் டீயில் நனைத்த பிஸ்கட் போலப் பொதபொதவென்று உதிரக்கூடாது. மருந்து மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டினால் விஷம். வாயில் போட்ட கற்கண்டு மாதிரி மேற்பரப்பு மட்டும் தேயவேண்டும். பாலிஅன்ஹைட்ரைடு அப்படிப்பட்டது: நீர் பட்டால் பிணைப்பு அறும், நீரை உள்ளே மட்டும் விடாது. நைலான் தந்த கரோதர்ஸ் 1930களில் ஆராய்ந்த ரகம்தான். நீரில் சிதைவதால் நூலுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது. அந்தக் குறைதான் லாங்கருக்குத் தேவைப்பட்டது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஹென்றி பிரெம், கார்முஸ்டின் கலந்த பாலிஅன்ஹைட்ரைடு வில்லையை மூளைக்குக் கொண்டுபோனார். கட்டி திரும்ப வந்த 222 பேரிடம் செய்த சோதனை 1995இல் வெளியானது: மருந்தில்லா வில்லைக்கு இடைநிலை ஆயுள் 23 வாரம், மருந்துள்ளதற்கு 31. குணம் என்று யாரும் சொல்லவில்லை. 1996இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. லாங்கர் பிறகு நிறுவனம்மேல் நிறுவனமாகத் தொடங்கினார். 2010இல் பிறந்த மாடர்னாவின் நிறுவனர்களிலும் ஒருவர்.

ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் முதல் புற்றுநோய் மருந்தாக பெவாசிசுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2004இல். அத்தகைய பொருளைச் சோதிப்பதற்காகத் தொடங்கிய வேலையில் விளைந்த வில்லை, எட்டு ஆண்டு முந்திக்கொண்டது.