தன்ஜாவிலிருந்து மக்காவுக்கு

மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் கலக்கும் நீரிணையின் கரையில், மொராக்கோவின் வடகோடியில் அமைந்திருக்கிறது தன்ஜா நகரம். ஐரோப்பியர் இதனை டாஞ்சியர் என்பர். இந்நகரின் விமான நிலையம் இப்னு பதூதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,600 கிலோமீட்டர். இடையில் நில்லாது பறக்கும் ஜெட் விமானத்துக்கு ஆறு மணி நேரம் போதும். மக்காவில் விமான நிலையம் கிடையாது. ஜித்தாவில் இறங்கிச் சாலைவழியே சென்றால் ஓரிரு மணியில் ஹரம் ஷரீபை அடைந்துவிடலாம்.

அப்பெயருக்குரியவர் இதே தொலைவைக் கடந்தது எவ்வாறு?

ஹிஜ்ரி 725, ரஜப் பிறை 2இல், அதாவது 1325 ஜூன் 14இல், 21 வயது இளைஞராகத் தன்னந்தனியே அவர் புறப்பட்டார். தாய் தந்தை இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். அவருக்கு ஹஜ் வாய்த்ததோ மறு ஆண்டு துல்ஹஜ்ஜில். பிறைக் கணக்கில் பதினேழு மாதங்கள்!

பாதையின் நீளம் ஒன்றே இதற்குக் காரணமன்று. வழியில் காய்ச்சல் கண்டது. தளர்ச்சியால் விழுந்துவிடக் கூடாதே என்று தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். துனிஸ் மக்கள் வந்தவர்களையெல்லாம் எதிர்கொண்டு ஸலாம் கூறியபோது, தமக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லையே என்று அழுதார். அந்தத் துனிஸிலிருந்து கிளம்பிய ஹாஜிகள் கூட்டத்துக்கு அவரே காஜியாக நியமிக்கப்பட்டார். பயணத்தினிடையே ஒரு திருமணம், மாமனாருடன் பிணக்கு, மணவிலக்கு, மறுமணம். வலீமா விருந்துக்காகக் கூட்டம் முழுவதையும் ஒருநாள் நிறுத்தி வைத்தாராம்! இக்காலத்து விமானி எவரும் இதற்கு இணங்கமாட்டார்.

1326 ஏப்ரலில் அலெக்சாந்திரியா, பிறகு கெய்ரோ. அங்கிருந்து நைல் நதியை ஒட்டித் தெற்கே சென்று, பாலைவனம் கடந்து, செங்கடல் துறைமுகமான ஐதாபை அடைந்தார். அக்கரையில் ஜித்தா, விமானத்துக்கு அரைமணி நேரத் தொலைவு. ஆனால் அங்கே பேஜா மன்னருக்கும் எகிப்தின் மம்லூக் படைக்கும் சண்டை மூண்டு, கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. சேகரித்த உணவுப் பொருட்களை விற்றுவிட்டு, வந்த வழியே கெய்ரோ திரும்பினார். ஷாம் தேசத்து வழியாகவன்றி உமக்கு முதல் ஹஜ் வாய்க்காது என்று நைல் கரையில் ஒரு பெரியவர் முன்னரே கூறியிருந்தாராம். அவ்வாறே திமிஷ்கு சென்று, ஷவ்வால் மாதத்தில் அங்கிருந்து கிளம்பிய ஹஜ் கூட்டத்தோடு, மதீனா வழியாக மக்காவை அடைந்தார்.

ஆறு மணிக்கும் பதினேழு மாதத்துக்குமுள்ள வேறுபாட்டைக் கணக்கிடுவது எளிது. எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அக்காலத்தில் செய்தியும் மனிதனின் கால்களிலேயே நடந்து வந்தது. ஹஜ்ஜோடு ஊர் திரும்பாது இந்தியா, சீனம் என உலகைச் சுற்றிய அவர், 1348இல் மீண்டும் திமிஷ்கு வந்தபோது தன்ஜாக்காரர் ஒருவரைச் சந்தித்தார். தந்தையார் வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்பதை அவர் வாயிலாகவே அறிந்தார். தாயார் உயிரோடிருப்பதாகவும் அவர் கூறினார்.

1349இல் தாய்நாட்டு மண்ணை மிதித்து, தாஸா என்னும் ஊரை எட்டியபோது, கொள்ளைநோயில் தாயாரும் மறைந்த செய்தி எதிர்கொண்டது. ஃபாஸ் நகரில் சுல்தானைக் கண்டபின் தன்ஜாவுக்குச் சென்றார். தாயாரின் கப்ரை ஜியாரத் செய்தார்.