பாறை ஏறும் ஜீப்: சஸ்பென்ஷன் லிங்க்குக்கு எந்த அலுமினியம் சரி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஜான்சன் வேலி பாலைவனத்தில் 2007 முதல் நடந்து வருகிறது ‘கிங் ஆஃப் தி ஹேமர்ஸ்’ ஆஃப்-ரோடு பந்தயம். மணல்வெளியில் பறக்கும் அதே வண்டி, பெரிய பாறைகள் மீதும் ஏறி இறங்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டிகளில் அதிகம் அடிவாங்கும் பாகங்களில் ஒன்று சஸ்பென்ஷன் லிங்க். இதை இரும்பில் செய்வதா, அலுமினியத்தில் செய்வதா? அலுமினியம்னா எந்த அலுமினியம்?

லிங்க் என்ன வேலை செய்யுது?

ஆக்சிலையும் சேஸிஸையும் இணைக்கும் தண்டுதான் லிங்க். பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு இருக்கும். ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல், சுழன்றுவிடாமல் பிடித்து வைப்பது இவைதான். கீழ் லிங்க் மீது சில நேரம் வண்டியின் எடையே பாறையோடு சேர்ந்து உட்காரும். அது செங்குத்தான ஏற்றத்தில் உடைந்தால் ஆக்சில் இடம் மாறிவிடும். வண்டி ஓட்டுபவர் கட்டுப்பாட்டில் இருக்காது.

6061, 7075... இந்த எண்கள் என்ன?

அலுமினியத்தோடு என்ன சேர்க்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண்கள் இவை. 6061-ல் மெக்னீசியமும் சிலிக்கானும் முக்கியம். 7075-ல் துத்தநாகம், மெக்னீசியம், செம்பு. பின்னால் வரும் ‘டி6’ என்பது வெப்பப் பதப்படுத்தலைக் குறிக்கும்.

நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு 6061-டி6-க்கு சுமார் 275 மெகாபாஸ்கல். 7075-டி6-க்கு சுமார் 500. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இரும்பை விட நல்லதா?

2 அங்குல விட்டமுள்ள 7075 கெட்டித் தண்டு, ஒரு மீட்டருக்குச் சுமார் 5.7 கிலோ. அதே விட்டத்தில் கால் அங்குலச் சுவருள்ள இரும்புக் குழாய் சுமார் 7 கிலோ. எடை குறைவு, ஆனா வளைவைத் தாங்கும் திறன் சாதாரண இரும்புக் குழாயை விட அதிகம்.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பாறையில் மோதும்போது 7075 நன்றாக வளைந்துகொடுத்து, மீண்டும் நேராகிவிடும். அதே அடியில் இரும்புக் குழாய் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடலாம். 6061 தண்டுக்கு இந்த லாபம் கிடையாது. ‘அலுமினியம் லிங்க்’ என்று மட்டும் சொல்லி விற்றால், எந்த எண் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

வெல்டிங் பண்ணலாமா?

7075-ஐ வழக்கமான முறையில் வெல்டிங் பண்ணவே கூடாது. விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாமலும் இருக்கலாம். 6061-ஐ வெல்டிங் பண்ணலாம், ஆனா சூடுபட்ட இடத்தில் டி6 பலம் பெருமளவு போய்விடும். அதனால்தான் அலுமினிய லிங்க்கின் முனைகளில் துளையிட்டு, மரை வெட்டி, மூட்டுகளைத் திருகுகிறார்கள். மரை பிடிக்கும் நீளம், போல்ட் விட்டத்தைப் போல குறைந்தது ஒன்றரை மடங்கு இருப்பது நல்லது.

7075-ல் குறையே இல்லையா?

இருக்கிறது. விலை அதிகம். உப்பும் ஈரமும் உள்ள இடத்தில், இழுவிசையில் இருக்கும்போது அரிப்பால் விரிசல் விடக்கூடியது. இதைக் குறைக்கத்தான் ‘டி73’ என்ற பதம். கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இரும்பு மூட்டு தொடும் மரையிலும் அரிப்பு வரும் என்பதால் ஆன்ட்டி-சீஸ் பசை தடவ வேண்டும்.

எந்த அலுமினியத்துக்கும் ‘இவ்வளவு பாரம் வரை எத்தனை முறை அடிபட்டாலும் களைக்காது’ என்ற எல்லை கிடையாது. பாறை போட்ட ஆழமான கீறல், விரிசலுக்கு ஆரம்பமாகலாம்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

பாறையில் அடிபடும் கீழ் லிங்க்குக்கு 7075 கெட்டித் தண்டு. பாறை தொடாத மேல் லிங்க்குக்கு இரும்புக் குழாயே பெரும்பாலும் போதும். பயணத்தின் நடுவிலேயே வெல்டிங் வைத்துச் சரிசெய்ய வேண்டிய நிலை வரும் என்றால், எல்லாமே இரும்பாக இருப்பதுதான் நிம்மதி. எதைப் போட்டாலும், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கீறலையும் மரைப் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.